1,499 ரூபாய்ப் பெட்டியில் உங்கள் லிஸ்ட் எங்கே?

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். கணவர் ஓவர்லாக் டெய்லர். இருவருக்கும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் இல்லாத வாரத்தில் அதுவும் பாதிதான். எட்டாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். ஏழெட்டு மாதமாக, முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர்கள் தெருவுக்கு ஒரு வேன் வருகிறது. அட்டைப்பெட்டியில் கட்டிய ஒரு மாத மளிகைச் சாமான் 1,499 ரூபாய். பெட்டியின் மேலேயே ‘எம்.ஆர்.பி. 2,640’ என்று அச்சடித்து, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்திருக்கிறார்கள். “முக்குக் கடையில் கணக்கு நோட்டு வைத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் அது நின்றது” என்கிறார்.

இப்போது சில விஷயங்கள் உறுத்துகின்றன. சில பாக்கெட்டுகளில் தேதி முடிய ஒரு மாதம்கூட இல்லை. பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.4 என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை வாங்கி ஒருவரிடம் கிலோ எட்டு ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கிடையில் வேன்காரர் புதிதாக ஒரு திட்டம் சொல்லியிருக்கிறார்: ஆறு பெட்டிக்கு முன்பணம் கட்டினால் ஏழாவது பெட்டி இலவசம், நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் இன்னொன்றும் இலவசம். “கட்டலாமா? இந்தச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் போதுமா? ‘காசு மிச்சம் பண்ணுறேன்னு குப்பையைக் கொண்டு வந்து போடுறே’ என்று இவர் சொல்வது சரியா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே எடுத்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் இருந்த சாமான் சீட்டை அப்படியே கடிதத்தில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முக்குக் கடை விலையைப் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே நீங்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று தெரிகிறது. நான் உணவியல் ஆலோசகர். பதினைந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள், மாதக் கணக்கு என்றால் ‘ஏதோ ஆகுது’ என்பார்கள், அப்படிப் பலரைப் பார்க்கிறவள். உங்கள் சீட்டை வைத்தே பேசுவோம்.

முதலில் கணக்கு

பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் உங்கள் முக்குக் கடையில் வாங்கினால் 2,048 ரூபாய் ஆகிறது. அப்படியானால் தள்ளுபடி 549 ரூபாய். அது நிஜமான தள்ளுபடிதான். வேன்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் 1,141 ரூபாய்த் தள்ளுபடி கிடையாது. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு. கடைக்காரர் எந்த விலைக்கு விற்கிறார் என்பது வேறு. பல மசாலாப் பொடிகளிலும் சேமியா பாக்கெட்டுகளிலும் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். அதனால் தள்ளுபடியைக் கோடு போட்ட எண்ணிலிருந்து கழிக்காதீர்கள், முக்குக் கடை விலையிலிருந்து கழியுங்கள்.

அடுத்து நான் ஒரு காரியம் செய்தேன். பெட்டி வருவதற்கு முன்னால் எதையெல்லாம் வழக்கமாக வாங்குவீர்கள் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதில் இல்லாததையெல்லாம் சீட்டில் பென்சிலால் அடித்தேன். துவரம்பருப்பு அரைக் கிலோ 75, உளுந்து அரைக் கிலோ 70, பாமாயில் இரண்டு லிட்டர் 260, ரவை 55, மிளகாய்த்தூள் மல்லித்தூள் சாம்பார்த்தூள் 110, புளி 45, கடுகு சீரகம் மிளகு 100, குளியல் சோப்பும் துணி சோப்பும் 190. மொத்தம் 905 ரூபாய். பென்சில் கோடு விழுந்தவை: மைதா இரண்டு கிலோ, சர்க்கரை மூன்று கிலோ, சேமியா, பன்னிரண்டு நூடுல்ஸ் பாக்கெட், பத்து பிஸ்கட் பாக்கெட், ஜாம், தக்காளி சாஸ், 290 ரூபாய் போட்ட சத்துபான மாவு.

905 ரூபாய்ச் சாமானுக்கு 1,499 கொடுத்திருக்கிறீர்கள். மிச்சம் 594 ரூபாய், வேன் வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் வராத பொருள்களுக்குப் போகிறது. வந்த பிறகு அவை சும்மா இருக்கவில்லை. பிஸ்கட் இருக்கிறது என்பதால் மாமியார் டீயோடு நாலு எடுத்துக்கொள்கிறார், நூடுல்ஸ் இருக்கிறது என்பதால் பையனின் டப்பாவுக்கு அது போகிறது. சாமான் தீர்ந்தால் பெட்டி ‘உபயோகமாக இருந்தது’ என்றுதான் மனசுக்குப் படும்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணக்கு நோட்டை நிறுத்தியது சின்னக் காரியமில்லை. கடன் சொல்லி வாங்கும் கடையில் விலை கேட்க முடியாது, பழையதைக் கொடுத்தால் திருப்பித் தர முடியாது. பெட்டி உங்களுக்கு ரொக்கமாக வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றுங்கள். பெட்டியை விட்டுவிட்டாலும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த 1,499 ரூபாயை வழக்கம்போல் எடுத்துத் தனியாக வையுங்கள்.

தொகுப்பாக விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், ரேஷன் கடைகளில் 500 ரூபாய்க்கு 19 மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பு விற்றார்கள், ஞாபகம் இருக்கும். பருப்பு, உளுந்து, மிளகு, சீரகம், வெந்தயம், புளி, பொட்டுக்கடலை, பூண்டு என்று சமையலில் கரையும் சாமான்தான் அதில் இருந்தது. 2024 அக்டோபரில் அரசு நடத்தும் அமுதம் அங்காடிகளில் 499 ரூபாய்க்கு 15 பொருள்கள் வைத்து ஒரு தொகுப்பு வந்தது. இப்படியொரு தொகுப்பு உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில் வருகிறதா என்று விசாரித்துப் பாருங்கள். எந்தப் பெட்டியாக இருந்தாலும் அதில் உங்கள் லிஸ்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.

ரேஷனை விட்டது எங்கே இடிக்கிறது

பெட்டியில் பருப்பும் எண்ணெயும் வந்துவிடுவதால் ரேஷனில் அவற்றை வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரிசி அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். அந்த 905 ரூபாய் லிஸ்டிலிருந்து அரைக் கிலோ பருப்பையும் ஒரு லிட்டர் எண்ணெயையும் எடுத்துவிட்டு, ரேஷனில் அதை 55 ரூபாய்க்கு வாங்கினால் 150 ரூபாய் மிச்சம். பருப்பும் அரைக் கிலோ கூடுதல். ‘ரேஷன் பருப்பு வேகாது’ என்பது பல வீடுகளில் கேட்கிற புகார்தான். ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஒரு விசில் கூட விடுங்கள். காலையில் ஏழரைக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும் என்றால் ராத்திரியே கழுவி ஊறப்போட்டுவிடலாம்.

இப்போது அரிசி. இது என்னை ரொம்ப வருத்தப்படுத்திய இடம். நீங்கள் பிளாஸ்டிக் என்று நினைக்கும் அந்த மங்கலான, சற்று மஞ்சள் அடித்த, சில சமயம் தண்ணீரில் மிதக்கும் மணிகள் செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவத்திலேயே அழுத்திச் செய்கிறார்கள். நூறு மணி சாதாரண அரிசிக்கு ஒரு மணி என்ற அளவில் இதைக் கலக்கிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் இந்த அரிசி பரவலாக வர ஆரம்பித்தது. சந்தேகம் தீரவேண்டுமென்றால் அந்த மணிகளை மட்டும் பத்துப் பொறுக்கித் தனியாக வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். சோறு போல மசியும். பிளாஸ்டிக் மசியாது.

ஹீமோகுளோபின் 9.4 என்று வந்த பெண் இருக்கும் வீட்டில் இரும்புச்சத்து சேர்த்த அரிசியை எட்டு ரூபாய்க்கு விற்கிறீர்கள். பெட்டியில் இருக்கும் சத்துபான மாவுக்கு 290 ரூபாய் கணக்காகிறது. யாரோ சொன்னதை நம்பித்தான் செய்தீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. இனி வேண்டாம். ரேஷன் அரிசியை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அலசும்போது மிதக்கும் மணிகளைக் கொட்டிவிடாதீர்கள். நாலைந்து தண்ணீர் விட்டு அலசவும் வேண்டாம், இரண்டு போதும். சாதம் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கு ஊறப்போடுங்கள். இட்லியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தட்டில் என்ன குறைகிறது

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறியும் கீரையும், 27 கிராம் எண்ணெய் என்று ஒரு தட்டுக் கணக்கு இருக்கிறது. முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்களுக்கு அந்த 85 கிராமில் அவையும் சேர்த்தி. உங்கள் பெட்டியில் பருப்பும் உளுந்தும் சேர்ந்து ஒரு கிலோ. ஐந்து பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 7 கிராம்கூட இல்லை. 85 என்பது நம் வீடுகளுக்கு எட்டாத உயரம் என்று எனக்கும் தெரியும். ஆனால் 7 ரொம்பக் கீழே.

பெட்டியில் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் நிறைய இருப்பதற்குக் காரணம் எளிது. அவை மலிவு, கெடாது, அடுக்க வசதி. முட்டையை அட்டைப்பெட்டியில் போட்டு வேனில் குலுக்கிக்கொண்டு வர முடியாது. கீரை சாயங்காலத்துக்குள் வாடிவிடும். எந்தத் தள்ளுபடிப் பெட்டியாலும் உங்கள் தட்டை முழுசாக நிரப்ப முடியாமல் போவது இதனால்தான்.

அந்த 594 ரூபாய்க்கு என்ன வரும் என்று பார்த்தேன். முட்டை முப்பது, ஏறக்குறைய 210. நிலக்கடலை ஒரு கிலோ 140. வாரம் மூன்று கட்டுக் கீரை, மாதம் பன்னிரண்டு கட்டு, 180. பச்சைப்பயறு அரைக் கிலோ 60 சொச்சம். உங்கள் ஊரில் பத்து ரூபாய் ஏறலாம், இறங்கலாம். ரேஷனில் மிஞ்சும் 150 ரூபாயைத் தயிருக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலை வாங்கும்போது மட்டும் தள்ளுபடியில் வாங்காதீர்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது, கடித்தால் கசப்பது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பூஞ்சையின் நச்சு கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுசாகப் போகாது.

வேலைக்குப் போகிறவருக்கு முட்டை வேகவைக்கவும் கீரை ஆயவும் நேரம் ஏது என்பீர்கள். கீரையை ஞாயிறு, புதன் என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டு ராத்திரி மாமியாரை ஆயச் சொல்லலாம். நிலக்கடலையை ஞாயிற்றுக்கிழமை வறுத்துப் பொடித்து வைத்தால் வாரம் முழுக்கச் சாதத்துக்கும் தோசைக்கும் ஆகும். நூடுல்ஸுக்கு ஆகும் அதே ஐந்து நிமிடத்தில் கடலைப்பொடிச் சாதம் பிசைந்துவிடலாம்.

பையன் விஷயத்தில் இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஒன்றாவது படிக்கிறான், ஆனால் ‘சத்துணவு வரிசையில் நிற்பது ஒரு மாதிரி இருக்கும்’ என்று நூடுல்ஸ் கொடுத்து அனுப்புகிறீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. மதியச் சத்துணவில் பள்ளி நாள் தோறும் முட்டை உண்டு. வாரத்துக்கு ஐந்து முட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு நூடுல்ஸ் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குகிறோம். மகளுக்கும் எட்டாம் வகுப்பில் சத்துணவு உண்டு. ஒரு வாரம் அனுப்பிப் பாருங்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் பையனுக்குக் கூச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது பெரும்பாலும் நம் கூச்சம்.

மாமியாருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை போடாத டீ குடித்தாலும் பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும்தான் இருக்கின்றன. டீக்குச் சுண்டல் ஒரு கைப்பிடி போதும். ராத்திரி சேமியா உப்புமாவை நிறுத்துங்கள். ‘கேழ்வரகுக் களி எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம். மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் மறுபடி பேசுவது சாப்பாட்டை மாற்றுவதைவிட அவசரம்.

மகளின் ரத்தம்

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், கடிதத்தில் இதுதான் மூன்று வரியில் முடிந்துவிட்டது. இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்கும் 11-க்கும் நடுவில் இருப்பது நடுத்தர நிலை, 9.4 அதில் வருகிறது. இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிக்கட்ட முடியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள், இரும்புச்சத்து மாத்திரை இலவசம். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரை ரத்தசோகை வராமல் தடுப்பதற்கானது. சிகிச்சைக்கு அந்த அளவு போதாது, டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதையும் சொல்லுங்கள். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள் என்று யோசித்து வையுங்கள்.

மாத்திரை போட ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிட்டவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அது சாதாரணம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். டீயோடும் பாலோடும் மட்டும் போடக்கூடாது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கமும் அவளுக்கு வேண்டாம். பாதி எலுமிச்சம்பழமோ ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உள்ளே போகும்.

பக்கத்து வீட்டு அக்கா பீட்ரூட் ஜூஸ் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிறம் சிவப்பு என்பதைத் தவிர அதில் பெரிய விசேஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது வழக்கம் என்கிறீர்களே, மாதம் இரண்டு தடவை கோழிக்குப் பதில் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ கேட்டு வாங்குங்கள். நம் பாட்டிகள் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்தது வீண் இல்லை.

சத்துபான மாவு வேண்டாம். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயருக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே இல்லை என்று சொல்லி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்கவேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கம் நூறு கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைப் படித்துப் பாருங்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

தேதி முடியப்போகும் பாக்கெட்

தேதி நெருங்கிய பொருளைக் குறைந்த விலைக்கு விற்பது குற்றமில்லை. பாக்கெட்டில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று இருந்தால் அந்தத் தேதி வரை தரம் குறையாது என்று அர்த்தம். ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்று இருந்தால் அதற்குப் பிறகு சாப்பிடக்கூடாது, விற்கவும் கூடாது. உங்கள் ரவைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டால் வண்டு வராது. எண்ணெயையும் மசாலாப் பொடியையும் பிரித்ததும் மோந்து பாருங்கள், காறல் வாடை அடித்தால் சமைக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. சீரகமும் மிளகாய்த்தூளும் வெறும் பிளாஸ்டிக் கவரில், பெயர்கூட இல்லாமல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுப் பொருளில் தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயரும் முகவரியும், நிகர எடை, தேதி, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். தேதியின் மேல் வேறு தேதி ஒட்டியிருந்தால் அதை வாங்கவே வேண்டாம். வேன்காரரிடம் பில் கேளுங்கள். பில்லில் முகவரி இல்லை என்றால், கெட்டுப்போன சாமானோடு நீங்கள் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஏழாவது பெட்டி

கட்டாதீர்கள். ஆறு பெட்டிக்கு 8,994 ரூபாய். தினமும் உழைத்துச் சனிக்கிழமை கூலி வாங்கும் வீட்டில் அந்தப் பணம் சும்மா இருக்காது. எங்கேயோ வட்டிக்கு வாங்கித்தான் கட்டுவீர்கள். கட்டிவிட்டால், நாலாம் மாதம் பெட்டியில் பருப்பு குறைந்து மைதா கூடினாலும் கேட்க முடியாது. வேனே வராமல் போனால் உங்கள் கையில் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு. தீபாவளிச் சீட்டு, மளிகைச் சீட்டு என்று மாதாமாதம் கட்டி ஏமாந்தவர்கள் பண்டிகை நெருங்கும்போது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதை நாம் பேப்பரில் பார்க்காத வருஷம் குறைவு. இந்த வேன்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், சாமான் கைக்கு வந்ததும் காசு கொடுங்கள்.

நான்கு பேரைச் சேர்ப்பது அதைவிட ஆபத்து. சாமான் விற்பதைவிட ஆள் சேர்ப்பதில் வருமானம் வரும்படி அமைத்த திட்டங்களை 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. ஆள் சேர்த்துப் பணத்தைச் சுற்றவிடும் பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிராக 1978-இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒரு பெட்டி இலவசம் என்பது அந்த அளவுக்குப் போகிறதா என்பது திட்டத்தின் முழு விவரம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் சேர்க்கப்போகும் அந்த நான்கு பேரும் அதே லைன் வீட்டில், அதே குழாயடியில் இருக்கிறவர்கள். பெட்டி வராவிட்டால் அவர்கள் வேனைத் தேடிப் போகமாட்டார்கள், உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

அதற்குப் பதில் அந்த நான்கு பேரோடு வேறொன்று செய்யலாம். ஐந்து வீட்டு லிஸ்டையும் ஒன்றாக எழுதி, பருப்பு, உளுந்து, கடலை, பயறு மட்டும் மொத்தக் கடையில் மூட்டையாக எடுத்து வீட்டுத் தராசில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு பொருளில் ஆரம்பித்தால் போதும். பணம் முன்கூட்டிக் கைமாறாமல், வாங்கிய அன்றே கணக்கு முடிய வேண்டும். அப்புறம் வேன்காரரிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: “அண்ணா, நூடுல்ஸ், ஜாம், சாஸ், மாவு எல்லாம் எடுத்துட்டு, பருப்பும் பயறும் வச்சுத் தருவீங்களா?” முடியும் என்றால் வாங்குங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். நீங்கள் குப்பையைப் போடவில்லை. பாதி நல்ல சாமானும் பாதி தேவையில்லாத சாமானும் ஒரே பெட்டியில் வருகின்றன, அவ்வளவுதான். ஆனால் கடிதம் முழுக்க ரேஷனுக்குப் போவது, பெட்டியைத் தூக்குவது, விலை எழுதுவது, டப்பா கட்டுவது எல்லாம் நீங்கள்தான் செய்கிறீர்கள். அவர் பேசுவது ஒரே ஒரு வரி. அடுத்த முதல் ஞாயிறு அந்தச் சாமான் சீட்டையும் ஒரு பென்சிலையும் அவர் கையில் கொடுத்து, எதையெல்லாம் அடிக்கலாம் என்று கேளுங்கள். ரேஷன் கடைக்கும் அன்றைக்கு அவரே போய் வரட்டும். மகளுக்கு மறுபடி எப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.